ஒப்பந்தத்தில் ஒரு குருவின் கையெழுத்து



ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் பங்கு இல்லத்துக்கு வருவோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்காக வருபவர்கள் ஒருபுறம். பிள்ளையை ஒரு வேலையில் சேர்த்துவிட வேண்டும், ஒரு கடிதம் கொடுங்கள் சாமி என்று கேட்டு வரும் பெற்றோர் மறுபுறம். முசிறிப் பகுதியில் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் துவாக்குடிப் பக்கம் உள்ள வெல்டிங் பட்டறைகளுக்குப் போகிறார்கள். சிலர் ஆற்றைக் கடந்து, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் சேருகிறார்கள். இன்னும் சிலருக்கு நாமக்கல் லாரிப் பட்டறைகள். பெண்பிள்ளைகள் கரூர், திண்டுக்கல் ஆலைகளுக்கும், திருச்சி ஜவுளிக்கடைகளுக்கும், மருத்துவமனைகளுக்கும் செல்கிறார்கள்.

கடிதம் கொடுக்கிறோம், பிள்ளையும் வேலையில் சேர்ந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்து ஞாயிறு திருப்பலியில் அதே பிள்ளையைப் பார்க்கிறோம். "என்ன தம்பி, லீவா?" என்றால், "நின்னுட்டேன் சாமி" என்கிறான். வேலை கஷ்டமா என்றால் இல்லை. சம்பளம் குறைவா என்றால் அதுவும் இல்லை. "வேலை பிடிச்சிருந்துச்சு சாமி. சொல்லிக்கொடுக்கிறவர்தான்..." என்று இழுப்பான். அதற்கு மேல் சொல்லமாட்டான்.

அந்தப் பாதி வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சிந்திக்க விரும்புகிறோம்.

நம் முன்னோர் காலத்தில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இருந்ததில்லை. முசிறிப் பக்கம் கோரைப்பாய் நெய்யும் வீடுகளில் பிள்ளைகள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். தாத்தையங்கார்பேட்டையில் தறி ஓட்டியவருக்கு அப்பாவோ மாமாவோ கற்றுக்கொடுத்தார். திட்டு விழுந்தாலும் சாயங்காலம் சோறு போட்டதும் அதே கைதான். இன்று நம் பிள்ளைகள் முன்பின் தெரியாத ஒருவரிடம் தொழில் கற்கிறார்கள். அவரை மேஸ்திரி என்கிறார்கள், சூப்பர்வைசர் என்கிறார்கள், கம்பெனிகளில் சீனியர் என்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் 'மென்டர்' என்று ஒரு பெயர் வைத்து, புதிதாகச் சேருபவரை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் ஒன்று மட்டும் பொது. கற்றுக்கொள்ள வந்தவருடைய நாளும், நம்பிக்கையும், பல நேரங்களில் அவருடைய எதிர்காலமும் அந்த ஒரு மனிதர் கையில் இருக்கின்றன.

நல்ல வழிகாட்டி கிடைப்பது பெரிய வரம். அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். தவறான வழிகாட்டி அமைந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. "உன் தலையெழுத்து, பொறுத்துப்போ" என்பதுதான் வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் பதில்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் லிலியன் ஈபி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறுவன அதிகாரிகளிடம், அவர்களுக்கு அமைந்த வழிகாட்டிகளால் ஏற்பட்ட கசப்பான அனுபவங்களைக் கேட்டு, அவற்றை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள். இருவருக்கும் குணத்திலோ வேலைமுறையிலோ ஒத்துப்போகாதது ஒன்று. கண்டுகொள்ளாமல் ஒதுக்கிவைப்பது இன்னொன்று. அதிகாரத்தைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதும், இளையவரின் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொள்வதும் மூன்றாவது. வழிகாட்டிக்கே வேலை சரியாகத் தெரியாதது நான்காவது. அவருடைய சொந்த வாழ்க்கைச் சிக்கல்களும் மனநிலையும் இளையவர்மேல் வந்து விழுவது ஐந்தாவது.

இந்த ஐந்தையும் படிக்கும்போது நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் சவுல் அரசர். தாவீதை அரண்மனைக்கு அழைத்து, அன்பு காட்டி, தம் படைக்கலன் சுமப்போனாக வைத்துக்கொண்டவர் அவர்தான் (1 சாமு 16:21-22). இன்றைய மொழியில் சொன்னால், கிராமத்திலிருந்து வந்த ஓர் இளைஞனைத் தம்முடைய பொறுப்பில் எடுத்துக்கொண்ட மேலதிகாரி. ஆனால் கோலியாத்து சவால் விட்டபோது அந்த மேலதிகாரியே நடுங்கிப்போயிருந்தார் (17:11). தமக்குத் தெரியாத வேலைக்கு எப்படி வழிகாட்ட முடியும்? பிறகு தாவீதுக்குத் தம்முடைய போர்க்கவசத்தை அணிவித்தார்; அதைப் போட்டுக்கொண்டு தாவீதால் நடக்கக்கூட முடியவில்லை (17:38-39). நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார், பொருந்தவில்லை. இளையவன் வெற்றி பெற்று ஊரே புகழ்ந்ததும் பொறாமை வந்தது (18:7-9). உள்ளத்தில் இருந்த கொந்தளிப்பு ஈட்டியாகப் பாய்ந்தது (18:10-11). அப்புறம் தம்மைவிட்டு விலக்கித் தூரத்தில் ஒரு பதவியில் வைத்தார் (18:13). கடைசியில் மகளைத் தருவதாகச் சொல்லி, பெலிஸ்தியர் கையில் சாகட்டும் என்று ஆபத்தான வேலையைக் கொடுத்தார் (18:25). ஐந்து பிரிவும் ஒரே மனிதரிடம் இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாவீது உயிர் பிழைத்தது அவருடைய பொறுமையால் மட்டும் அல்ல. யோனத்தான் இருந்தார். அரண்மனைக்குள்ளேயே, சவுலிடம் நேரடியாகப் பேசக்கூடிய ஒருவர், தாவீதுக்காகப் பரிந்து பேசினார் (19:4-5). பேச்சு பலிக்காதபோது, அம்பு எய்து அடையாளம் காட்டி, இனி இங்கே இருக்காதே என்று அனுப்பியும் வைத்தார் (20:35-42). மேலே ஒரு சவுல் இருக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு யோனத்தான் இல்லாவிட்டால், பாட்டில் எவ்வளவு திறமை இருந்தாலும் தாவீது தப்பியிருக்க மாட்டார். நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது ஆள் யார்?

<b>தொன் போஸ்கோ செய்த வேலை</b>

இந்தக் கேள்விக்கு நம் திருச்சபையின் வரலாற்றில் மிகத் தெளிவான ஒரு பதில் இருக்கிறது. இளைஞரின் தந்தையாம் புனித ஜான் போஸ்கோவை, தொன் போஸ்கோவை, நாம் எல்லாரும் அறிவோம். சலேசிய சபைக் குருக்கள் 1906-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து முதன்முதலில் கால் பதித்தது நமக்குப் பக்கத்தில் உள்ள தஞ்சாவூரில்தான். அவருடைய பெயரில் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தமிழகமெங்கும் உள்ளன. ஆனால் அவர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தங்களைப் பற்றி நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

1840-களில் இத்தாலியின் தூரின் நகரம் தொழில் நகரமாக மாறிக்கொண்டிருந்தது. கிராமங்களிலிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து கொத்தனார் வேலையிலும், தச்சு வேலையிலும், புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலையிலும் சேர்ந்தார்கள். தொன் போஸ்கோவுக்கு அந்த வாழ்க்கை புதிதல்ல. சிறுவயதில் அவரே ஒரு பண்ணையில் கூலியாளாக இருந்தவர். படிப்புக்காகத் தையல் கடையிலும் காப்பிக் கடையிலும் வேலை செய்தவர். குருவான பிறகு நகரச் சிறைகளுக்குச் சென்றபோது, அங்கே அடைபட்டிருந்த இளைஞர்களைக் கண்டு அதிர்ந்துபோனார். வெளியே அவர்களுக்கென்று ஒரு நண்பர் இருந்திருந்தால் பலர் அங்கே வந்திருக்க மாட்டார்கள் என்று உணர்ந்தார்.

அவர் பையன்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தார், விளையாட வைத்தார். அதோடு நின்றுவிடவில்லை. வார நாள்களில் பட்டறை பட்டறையாகவும், கட்டடம் எழும்பும் இடங்களுக்கும் நேரில் போய், பையன்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்தார். 1851 நவம்பரில் ஒரு கண்ணாடித் தொழிலாளியுடனும், 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் ஒரு தச்சருடனும் எழுத்துமூலமாக ஒப்பந்தம் செய்தார். அந்தத் தச்சருடன் செய்த ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. அதில் என்ன இருந்தது?

தச்சர் தம்முடைய தொழிலைக் குறித்த காலத்துக்குள் பையனுக்கு முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வாய்ச்சொல்லால் திருத்த வேண்டும், கை ஓங்கக்கூடாது. அவனுடைய வயதுக்கும் வலிமைக்கும் மீறிய வேலை கொடுக்கக்கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலைகளுக்கு அவனைப் பயன்படுத்தக்கூடாது. ஞாயிறு, திருநாள்களில் விடுமுறை. அது போக ஆண்டுக்கு 15 நாள் விடுப்பு. கூலி படிப்படியாக உயர வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பையன் ஒழுங்காக, கீழ்ப்படிதலுடன் வேலை கற்க வேண்டும். தச்சருக்கு அவன்மேல் ஏதாவது குறை இருந்தால் அதைக் கேட்டு ஆவன செய்வதாகத் தொன் போஸ்கோவே வாக்குக் கொடுத்தார். இது நமக்கு மிகவும் பிடித்த பகுதி. பையன் பக்கம் மட்டும் சாய்ந்து எழுதிய காகிதம் அல்ல அது. முதலாளிக்கும் போய் முறையிட ஓர் இடம் இருந்தது, பையனுக்கும் ஓர் இடம் இருந்தது. கீழே தச்சரும் பையனின் தந்தையும் கையெழுத்திட்டார்கள், தொன் போஸ்கோவும் கையெழுத்திட்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்த நாளில் வேலை கற்கும் பையனைச் செருப்பால் அடிப்பதும், வீட்டு வேலை வாங்குவதும், முதலாளியம்மா பிள்ளையைத் தூக்கவைப்பதும் சர்வ சாதாரணம். தொன் போஸ்கோ அந்த முதலாளிகளுக்கு அன்பைப் பற்றி ஒரு மறையுரை ஆற்றி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. செய்யக்கூடாதவை எவை என்று காகிதத்தில் எழுதினார். கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதைக் கையெழுத்தால் காட்டினார். பிறகு 1853 முதல் தம்முடைய இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல் எனத் தொழிற்கூடங்களை ஒவ்வொன்றாகத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஏற்ற ஆசிரியரைத் தாமே தேர்ந்துகொள்ள முடிந்தது அதன் பிறகுதான்.

<b>"நாங்க அடிவாங்கித்தான் கத்துக்கிட்டோம்"</b>

இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலர் சிரிப்பார்கள். "சாமி, நாங்க ஸ்பேனரால அடிவாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம். இப்ப உள்ள பயலுக ஒரு வார்த்தை சொன்னா மூஞ்சியைத் தூக்கிட்டுப் போயிடுறானுக" என்பார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு வெல்டிங் கற்க முடியாது. நேரத்துக்கு வராதவனைக் கண்டிக்காத மேஸ்திரி அவனுக்கு நல்லது செய்யவில்லை. நெருப்பும் இரும்பும் மின்சாரமும் புழங்கும் இடத்தில் அதட்டல் சில நேரம் உயிரைக் காக்கும்.

ஆனாலும் அந்த வாக்கியத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. அடிவாங்கித் தொழில் கற்றவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். அடி தாங்காமல் பாதியில் ஓடிப்போனவர்கள் இங்கே வந்து தம் கதையைச் சொல்வதில்லை. நின்று கற்றவரும் அடியால் கற்கவில்லை. அடித்த கைக்குத் தொழில் தெரிந்திருந்ததால், அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றார். அதைவிட முக்கியமானது வேறொன்று. அடிக்குப் பயந்த பையன் தெரியாததைக் கேட்கமாட்டான். தவறு நடந்தால் மறைப்பான். வெல்டிங்கில் மறைத்த ஓட்டை பாய்லரில் போய் வெடிக்கும். மருத்துவமனையில் பயந்த செவிலியர் மருந்தின் அளவை மறுபடி கேட்கத் தயங்கினால், நோயாளிக்கு ஆபத்து.

அடியைவிடச் சத்தமில்லாத ஒரு கொடுமையும் உண்டு. சொல்லித்தராமல் வைத்திருப்பது. ஆறு மாதம் டீ வாங்கவும், பட்டறையைக் கூட்டவும், தேய்த்த இரும்பை அடுக்கவும் மட்டும் வைத்திருப்பார்கள். அளவெடுக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். கற்றுவிட்டால் போட்டிக்குக் கடை போட்டுவிடுவானோ என்ற பயம். படித்தவர்கள் இருக்கும் அலுவலகங்களிலும் இதே பயம் வேறு உடையில் நடமாடுகிறது. இளையவர் தயாரித்த அறிக்கை மேலே போகும்போது மேலவர் பெயரில் போகும். கூட்டத்துக்கு அழைப்பு வராது. புகார் சொல்ல ஒன்றும் இருக்காது. யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஆனால் ஓராண்டு போய்விட்டது, கை மட்டும் காலி.

ஒரு காலத்தில் திருச்சி வட்டாரத்துக் கிராமங்களில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை பரவியிருந்தது. பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால், அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. கற்றுத்தருபவரே கடன் கொடுத்தவராகவும் இருந்தால், கற்பவர் எப்படி வாய் திறப்பார்? லாபான் வீட்டில் யாக்கோபு பட்ட பாடும் இதுதான். பத்துமுறை கூலியை மாற்றினார் என்று யாக்கோபு தம் மனைவியரிடம் முறையிடுவதை நாம் வாசிக்கிறோம் (தொநூ 31:7). பெற்றோரே, எந்தச் சூழ்நிலையிலும் பிள்ளைக்கு வேலை கற்றுத்தரும் இடத்தில் முன்பணம் வாங்காதீர்கள். இதை உறுதியாகச் சொல்கிறோம்.

<b>சட்டம் சொல்வது</b>

தொன் போஸ்கோ ஒரு தாளில் எழுதியதை, ஏறக்குறைய 110 ஆண்டுகள் கழித்து நம் நாடு சட்டமாக எழுதியது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது அரசு அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பயிற்சி பெறுபவர் மைனர் என்றால் அவருடைய காப்பாளர் ஒப்பந்தம் செய்ய வேண்டும். முதலாளிக்குத் தொழில் தெரியாவிட்டால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் வைக்க வேண்டும். தொழிற்பயிற்சி ஆலோசகராகிய அரசு அதிகாரியின் அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்கக்கூடாது. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் ஈடுபடுத்தக்கூடாது. உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ்ரேட் கணக்கில் கொடுக்கக்கூடாது. எடுபிடி வேலை கூடாது என்று தச்சரிடம் எழுதி வாங்கிய அந்த வரி அப்படியே இதில் இருப்பதைக் கவனியுங்கள்.

பொன்மலை ரயில்வே பணிமனை, திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனம் போன்ற பெரிய இடங்களில் இந்தச் சட்டப்படி பயிற்சியாளர்களைச் சேர்க்கிறார்கள். காகிதம் இருக்கும், காலம் குறிப்பிட்டிருக்கும், கேட்க அதிகாரி இருப்பார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேருவது பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளில். அங்கே காகிதம் இல்லை. "நம்ம பையன்தானே, நாளையிலிருந்து வரச்சொல்லு" என்பதுதான் ஒப்பந்தம். அந்த அன்பு உண்மையானதாக இருக்கலாம். இருந்தாலும் எத்தனை மாதம், என்னென்ன கற்றுத்தருவார்கள், என்ன கொடுப்பார்கள், யார் பொறுப்பு என்று ஒரு துண்டுத்தாளிலாவது எழுதி வாங்குவதில் தவறில்லை. நல்ல முதலாளி அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. 2021 ஜனவரியில், நமக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் வேலையிடத்தில் தொல்லைக்கு உள்ளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலைசெய்தவர்களும் சொன்னார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் தாய் நிறுவனத்தோடும், அங்கிருந்து துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அதை அழைக்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் மையமான ஏற்பாடு எளிமையானது. தையல் இயந்திரங்களின் வரிசைகளில் வேலைசெய்யும் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, சங்கம் பயிற்சி கொடுத்தது. மேற்பார்வையாளர் எல்லை மீறினால், பாதிக்கப்பட்டவர் மேல்மாடி அலுவலகத்துக்குத் தனியே ஏறிப்போக வேண்டியதில்லை; தன் பக்கத்திலேயே இருக்கும் தோழியிடம் சொல்லலாம், அந்தத் தோழி அதை மேலே எடுத்துச் செல்வார். மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி உண்டு. புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை உண்டு. யோனத்தானை ஒவ்வொரு வரிசையிலும் உட்கார வைத்ததுபோல என்று நமக்குத் தோன்றுகிறது. ஓர் இளம் உயிர் போன பிறகுதான் இது வந்தது என்பதை மறக்க முடியவில்லை.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தையும் நம் அன்னையர் பேரவையினரும் இளையோரும் அறிந்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் ஒவ்வோர் இடத்திலும், பெண் ஒருவர் தலைமையில், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரையும் சேர்த்து, உள்ளகக் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமானாலோ, புகார் முதலாளிமேலேயே என்றாலோ, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு அனுமதிக்கலாம். ஜவுளிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கும், பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அடி, பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவை குற்றங்கள். அவற்றைப் பங்குப் பேரவையில் உட்கார்ந்து பேசி முடிக்கக் கேட்காதீர்கள். "ஊருக்குத் தெரிந்தால் பிள்ளை கல்யாணம் பாதிக்கும்" என்று மூடிவைப்பதையும் நாம் ஆதரிக்க முடியாது. குற்றம் காவல்துறைக்கும் உரிய குழுவுக்கும் போக வேண்டும். கூட வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் கேளுங்கள்.

திருச்சபை இதற்கு விலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். குருமடங்களிலும், துறவற இல்லங்களிலும், நம் நிறுவனங்களிலும் மூத்தவர், இளையவர் உறவு இருக்கிறது. அங்கும் அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்படலாம். அதனால்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட ஆணையில், ஒவ்வொரு மறைமாவட்டமும் பாலியல் குற்றங்கள் பற்றிய முறையீடுகளை ஏற்க, மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடங்கும். 2023-இல் அந்த ஆணை நிரந்தரமாக்கப்பட்டது. மேய்ப்பர்களுக்கே எழுதப்பட்ட விதி தேவைப்படுகிறதென்றால், பட்டறைக்கும் ஆலைக்கும் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

<b>கற்றுக்கொடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு</b>

நம் பங்குகளில் மேஸ்திரிகளும், தலைமைச் செவிலியர்களும், ஆசிரியர்களும், பட்டறை வைத்திருப்பவர்களும் நிறையவே இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, குரு ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலி குறைகள் நிறைந்தவர். தம் பிள்ளைகளையே அடக்கத் தவறியவர். ஆனாலும் சிறுவன் சாமுவேலை அழைப்பது தாமல்ல, ஆண்டவர் என்று புரிந்ததும், அவனை ஆண்டவரிடமே அனுப்பினார். மறுநாள் காலையில், தமக்கு எதிரான செய்தி என்று தெரிந்தும், எதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டார் (1 சாமு 3:8-18). தன்னைப் பற்றிய கசப்பான உண்மையை இளையவர் வாயால் கேட்கக்கூடிய மூத்தவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொடுப்பதும் தோல்வி அல்ல. முதல் பயணத்தில் பாதியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடி அழைத்துச் செல்லப் பவுல் மறுத்தார். பர்னபா விடவில்லை. இருவருக்கும் கடும் வாக்குவாதம் ஏற்பட்டு, பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பல் ஏறினார் (திப 15:37-39). பவுலிடம் ஒத்துவராத அதே மாற்கு பர்னபாவிடம் தேறினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பவுலே, மாற்கு தம் பணிக்குப் பயன்படுபவர், அவரை அழைத்து வா என்று திமொத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 திமொ 4:11). "என்கிட்ட தேறாதவன் எங்கேயும் தேறமாட்டான்" என்று சொல்லும் மேஸ்திரிகள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஆண்டவர் இயேசுவும் சீடர்களைத் தனித்தனியாக அனுப்பவில்லை, இருவர் இருவராக அனுப்பினார் (மாற் 6:7). திரும்பி வந்ததும் அவர்கள் செய்ததையெல்லாம் சொல்லக் கேட்டார். பிறகு ஓய்வெடுக்கக் கூட்டிப்போனார் (6:30-31).

இனி நம் பங்கில் நடைமுறைக்கு வருவோம். வேலைக்குக் கடிதம் கேட்டு வரும் பெற்றோர் இனிமேல் சில விவரங்களைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைக்கு நேரடியாக வேலை கற்றுத்தரப் போகிறவர் யார்? அவரைத் தவிர அதே இடத்தில் பேசக்கூடிய இன்னொருவர் யார்? எத்தனை மாதப் பயிற்சி? முன்பணம் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா? நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் ஏற்கெனவே அங்கே வேலைசெய்தால் அவருடைய பெயரையும் குறித்துக்கொள்வோம். அந்தந்த அன்பியத்தின் பொறுப்பாளர் முதல் மாத முடிவிலும், மூன்றாம் மாத முடிவிலும் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பல விஷயங்களைச் சொல்வதில்லை. முதலாளியிடமும் ஒருமுறை பேசுவோம். பையன் ஒழுங்காக வருகிறானா, கற்கிறானா என்று அவர் சொல்வதையும் கேட்போம்.

பட்டறை, கடை, சிறு ஆலை நடத்தும் பங்கு மக்கள், தங்களிடம் வேலை கற்க வந்துள்ள இளையோரின் பெயர்களைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் நல்லது. ஒப்பந்தத் தாள் எழுத உதவி வேண்டுபவர்கள் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். பெற்றோரும் முதலாளியும் கையெழுத்திட்ட பிறகு, அதில் நாமும் கையெழுத்திடுவோம்.